யார் தோற்ற பணம் அது?

வேலையை விட்டுவிட்டு அல்கோ டிரேடிங் பக்கம் போகலாமா என்ற கேள்வி நம் இளைஞர்களிடையே இப்போது அடிக்கடி வருகிறது. மன்றக் கூட்டம் முடிந்து தே தாரிக் குடிக்கும்போது வருகிறது. பயிற்சி முகாமில் விளக்கை அணைத்த பிறகு பக்கத்துப் பாயிலிருந்து வருகிறது. கேட்பவர்கள் சோம்பேறிகள் அல்ல. பொறியாளர், கணக்காளர், ஆசிரியர் என்று உழைத்துப் படித்து வேலையில் அமர்ந்தவர்கள். சம்பளம் போதவில்லை என்பதும் உண்மை, மூளைக்கு வேலை போதவில்லை என்பதும் உண்மை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த விலையில் வாங்க வேண்டும், எந்த விலையில் விற்க வேண்டும், எவ்வளவு நஷ்டம் வந்தால் வெளியேற வேண்டும் என்ற விதிகளைக் கணினி நிரலாக எழுதிவிட்டு, கணினியே சந்தையில் ஆர்டர் போடும்படி விடுவதுதான் அல்கோ டிரேடிங். ஆசைக்கும் பயத்துக்கும் இடம் கொடுக்காமல் விதிப்படி நடப்பது இதன் பலம் என்பார்கள்.

இதைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக ஒரே விவாதம்தான் நடக்கும். நாமாகப் படித்தால் போதுமா, பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமா? அதற்கும் பதில் தேடுவோம். ஆனால் அதற்கு முன்னால் வர வேண்டிய ஒரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. இது சரியான பிழைப்பா? தர்மத்துக்கு உட்பட்டதா?

எனக்கு இது வெறும் விவாதம் அல்ல. நான் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். இரண்டு வருடமாக இரவில் பைத்தானும் புள்ளியியலும் படித்துக்கொண்டிருக்கிறேன். வேலையை விடுவதா, பகுதி நேரமாக முதுகலை படிப்பதா, இரண்டும் வேண்டாம் என்று விடுவதா என்பதை இந்த ஆண்டுக்குள் முடிவு செய்தாக வேண்டும். விஷயத்தை வீட்டில் சொன்னபோது அம்மா தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "நீ ஜெயிக்கிற காசு யாரு தோத்த காசுப்பா?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தக் கேள்விக்கென்று ஓர் அத்தியாயம் இல்லை. ஆகவே நானே யோசித்துப் பார்த்தேன்.

முதலில், இது சூதாட்டமா? திருக்குறளில் சூதுக்குத் தனி அதிகாரமே இருக்கிறது. 94ஆவது அதிகாரம். அதற்கு முன்னால் கள்ளுண்ணாமை, அதற்குப் பின்னால் மருந்து. வாணிகத்தை வள்ளுவர் வேறு இடத்தில் பேசுகிறார், அறத்துப்பாலில் நடுவு நிலைமை அதிகாரத்தில். எதிரே நிற்பவனின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பவன்தான் வணிகன் என்பது அங்கே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய கருத்து. ஆகவே லாபம் வந்தாலே சூது என்று சொல்ல முடியாது. கோடு எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி.

நம் நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். செம்பனை எண்ணெய்க்கான ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம் கோலாலம்பூரில் 1980ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. இன்று அது பர்சா மலேசியாவில் எஃப்.சி.பி.ஓ. என்ற பெயரில் இருக்கிறது. ஓர் ஒப்பந்தம் என்பது 25 டன் கச்சா செம்பனை எண்ணெய். டன்னுக்கு ஒரு ரிங்கிட் விலை நகர்ந்தால் ஒப்பந்தத்துக்கு 25 ரிங்கிட் கூடும் அல்லது குறையும். நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் வெயிலிலும் மழையிலும் குலை வெட்டிச் சுமந்து, உதிரிப்பழம் பொறுக்கி வளர்த்த பொருளின் விலைதான் அந்தத் திரையில் ஓடுகிறது. பேரன் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, ஒரு குலையைக்கூடத் தொடாமல் 25 டன்னை வாங்கி விற்கிறான். இது அவர்களின் உழைப்பைக் கேலி செய்வது இல்லையா?

அப்படியும் தோன்றும். ஆனால் அந்தச் சந்தை எதற்காக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்து எண்ணெய் விற்கப்போகும் ஆலைக்காரர் விலை விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறார். அதனால் இன்றைய விலையிலேயே ஃபியூச்சர்ஸில் விற்று வைக்கிறார். அவர் இறக்கி வைக்கும் பயத்தை யாராவது ஒருவர் சுமக்க வேண்டும். அந்த இன்னொருவர்தான் வியாபாரி. பிறகு விலை ஏறினால் ஃபியூச்சர்ஸில் ஆலைக்காரருக்கு நஷ்டம், ஆனால் கையில் உள்ள எண்ணெய் கூடுதல் விலைக்குப் போகும். அதாவது திரையில் அவர் தோற்றதாகத் தெரியும், வாழ்க்கையில் அவர் தோற்கவில்லை. காப்புறுதிக்குப் பணம் கட்டிவிட்டு விபத்தே நடக்காத மனிதரைப் போன்றவர் அவர். கட்டிய பணத்துக்கு அவருக்கு நிம்மதி கிடைத்தது.

இங்கேதான் அம்மாவின் கேள்விக்கு ஒரு பிடி கிடைத்தது. ஃபியூச்சர்ஸ் சந்தையில் ஒருவர் லாபம் இன்னொருவர் நஷ்டம்தான், அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. கமிஷனையும் கழித்துப் பார்த்தால் எல்லாரும் சேர்ந்து கொஞ்சம் நஷ்டத்திலேயே இருப்பார்கள். ஆனால் "தோற்றது யார்?" என்பதோடு "தோற்றவருக்குப் பதிலாக என்ன கிடைத்தது?" என்றும் கேட்க வேண்டும். ஏதாவது கிடைத்திருந்தால் அது வாணிகம். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் அதைச் சூது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இந்த அளவுகோலை வைத்து இந்தியாவின் புள்ளிவிவரம் ஒன்றைப் பாருங்கள். அந்நாட்டுச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டம் அடைந்திருந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். 2023-24 நிதியாண்டில் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களும், சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களும் அதே சந்தையில் லாபம் எடுத்தன. அந்த லாபத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் அல்கோ வழியாக வந்தது.

அங்கே தோற்றவர்களில் பெரும்பாலோர் ஆலைக்காரர்கள் இல்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர்கள், கைபேசியில் செயலியைத் திறந்து இன்றைக்குள் இரட்டிப்பாக்கிவிடலாம் என்று நினைத்தவர்கள். நம்மூரில் நம்பர் எடுக்கப் போகும் மாமாவுக்கும் அவர்களுக்கும் மனநிலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. கொடுத்த பணத்துக்கு அவர்களுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. இருந்த நிம்மதியும் போனதுதான் மிச்சம்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். "யாரு அவங்களைக் கூப்பிட்டா? அவங்களா விரும்பித்தானே வர்றாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் இதே வாதத்தைச் சகுனியும் வைத்திருக்கலாமே? தருமரை யாரும் கட்டி இழுத்து வரவில்லை. அழைப்பு வந்தது, அவரே வந்து உட்கார்ந்தார், அவரே பந்தயம் வைத்தார். அதனால் சகுனி நல்லவன் ஆகிவிட்டானா? எதிராளியின் பலவீனம் தெரிந்தே அதை மட்டும் நம்பி ஆடுபவனுக்கு, எதிராளியின் சம்மதம் ஒரு கவசம் ஆகாது. பகவத் கீதையைக் காட்டி "கடமையைச் செய், பலனைப் பற்றிக் கவலைப்படாதே, இதுதான் டிரேடிங் மனநிலை" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சரியாகத் திட்டமிட்ட வர்த்தகமும் நஷ்டத்தில் முடியலாம், அதற்காக மனம் உடையக்கூடாது என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் செயலால் இன்னொருவருக்கு என்ன ஆகிறது என்று பார்க்காமல் இருக்க அது கொடுத்த அனுமதி அல்ல.

அப்படியானால் அறிவைப் பயன்படுத்தி ஜெயிப்பதே தவறா? இல்லை. நம் இதிகாசத்திலேயே இதற்கு அழகான கதை இருக்கிறது. நாட்டைச் சூதில் இழந்து காட்டில் இருந்த தருமருக்கு, பிருகதசுவர் என்ற முனிவர் நளன் கதையைச் சொல்கிறார். தமிழில் புகழேந்திப் புலவர் நளவெண்பாவாகப் பாடிய அதே கதை. சூதில் எல்லாவற்றையும் இழந்த நளன், வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் தேரோட்டியாக இருக்கிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மன்னன், அதன் இலை எத்தனை, காய் எத்தனை என்று எண்ணாமலேயே சொல்கிறான். நளன் நம்பவில்லை. எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கிறது. "உன் குதிரை வித்தையை எனக்குக் கொடு, என் எண் வித்தையை உனக்குத் தருகிறேன்" என்று இருவரும் மாற்றிக்கொள்கிறார்கள். எண் வித்தை கிடைத்த கணத்தில் நளனைப் பிடித்திருந்த கலி அவனை விட்டு வெளியேறுகிறான்.

ஒரு பொறியாளர் புள்ளியியல் கற்றுக்கொண்டு தொழில் மாறுவதற்கு இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியாது. கலி என்பது அறியாமையோடு சேர்ந்த வெறி. உண்மையான கணக்கு உள்ளே வந்தால் வெறி வெளியே போக வேண்டும். அல்கோ கற்றுக்கொண்ட பிறகும் கை நடுங்கினால், இரவு இரண்டு மணிக்கு எழுந்து திரையைப் பார்த்தால், வித்தை இன்னும் வரவில்லை, கலியும் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

கதை அங்கே முடியவில்லை. நளன் திரும்பிப் போய்ப் புட்கரனோடு மறுபடி ஆடி ஜெயிக்கிறான். ஜெயித்தவன் அவனை அழிக்கவில்லை. மன்னித்து, அவனுக்குரிய பங்கைக் கொடுத்து அனுப்புகிறான். ஜெயித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதும் தர்மக் கணக்கில் சேரும்.

தருமர் பக்கமும் ஒரு பாடம் இருக்கிறது. அவர் ஆடியதைவிட, எதை வைத்து ஆடினார் என்பதுதான் பெரிய தவறு. தம்பிகளை வைத்தார், பாஞ்சாலியை வைத்தார். தனக்கு மட்டும் சொந்தம் இல்லாததைப் பந்தயமாக வைத்தார். இன்று யாரும் தம்பியை வைப்பதில்லை. ஆனால் 2024 மே மாதத்திலிருந்து ஊழியர் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது. கைபேசியில் நாலு தட்டு தட்டினால் பணம் வந்துவிடும். அந்தப் பணம் நம் பெயரில் இருந்தாலும், வயதான காலத்தில் நம்மைப் பார்த்துக்கொள்ளப் போகும் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. அம்மாவின் நகை, தங்கையின் படிப்புக்கு வைத்த பணம், அப்பாவின் ஓய்வுப் பணம் எல்லாமே அப்படித்தான். அவற்றை வைத்துச் சந்தைக்குள் போகிறவர் எவ்வளவு நல்ல நிரல் எழுதினாலும் தருமர் உட்கார்ந்த இடத்தில்தான் உட்காருகிறார்.

சரி, இப்போது கற்பது பற்றி.

இந்தத் துறையில் கடினமானது கணிதம் என்று நினைக்கிறோம். நான் பார்த்த வரையில் கடினமானது உண்மை. ஒரு வியூகத்தைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பதை பேக்டெஸ்ட் என்கிறோம். எந்தப் பலனும் இல்லாத 20 வியூகங்களைச் சோதித்தாலும், வழக்கமான 5 விழுக்காட்டு அளவுகோலில் சராசரியாக ஒன்றாவது அற்புதமாகத் தெரியும். அது வெறும் தற்செயல். அந்த ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்ற 19ஐ மறந்துவிட்டால், நாம் நம்மிடமே பொய் சொல்கிறோம். அந்தப் பொய்யை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். சந்தை மட்டும் பிறகு கண்டுபிடிக்கும். ஆகவே சத்தியம் இங்கே வேலைக்கான கருவியாகவே ஆகிவிடுகிறது.

தானாகக் கற்பதற்கு இன்று வசதி நிறைய. எம்.ஐ.டி. பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வேர்ல்டுகுவான்ட் பல்கலைக்கழகம் கட்டணமே இல்லாமல் இணையத்தில் நிதிப் பொறியியல் முதுகலை நடத்துகிறது. எழுத்துக்கு எழுத்து படிக்கப் பொறுமை இருந்தால், பாடத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் எதற்கு என்றால், "இது தப்பு" என்று சொல்லும் ஆளுக்கு.

ஏகலைவனை நினைத்துப் பாருங்கள். திறமையில் அவன் அர்ச்சுனனுக்குக் குறைந்தவன் இல்லை. அவனிடம் இல்லாதது தனக்காகப் பேச ஓர் ஆள். தானாகக் கற்றவனைச் சபை சுலபமாக ஒதுக்கிவிடும். நம் சமூகத்துப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். ஏற்கெனவே கதவு திறக்கச் சிரமப்படும் இடத்தில், சான்றிதழும் இல்லாமல் போய் நின்றால் நேர்காணல் வரைக்கும்கூடப் போக முடிவதில்லை. இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. தானாகக் கற்பவன் குருவுக்காக ஏங்குகிறான். அந்த ஏக்கத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு டெலிகிராமில் பல துரோணர்கள் காத்திருக்கிறார்கள். வித்தை கற்றுக்கொடுக்கும் முன்பே கட்டை விரலைக் கேட்பவர்கள். அவர்களுடைய வருமானம் சந்தையிலிருந்து வருகிறதா, மாணவர் கட்டணத்திலிருந்து வருகிறதா என்று ஒரு தடவை கேட்டாலே போதும், பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். நம் செக்யூரிட்டீஸ் கமிஷன் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காகப் பட்டம் வாங்கினால் பாதுகாப்பு என்றும் நினைத்துவிடக் கூடாது. 1997இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ராபர்ட் மெர்ட்டன், மைரன் ஷோல்ஸ் இருவரும் லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற நிதியில் பங்காளிகள். அடுத்த ஆண்டே, 1998இல், அது சரிந்தது. 14 நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 3.6 பில்லியன் டாலர் போட்டுத் தாங்க வேண்டியிருந்தது. 2012 ஆகஸ்டு 1ஆம் தேதி, நைட் கேப்பிட்டல் என்ற அனுபவம் மிகுந்த நிறுவனம், பழைய நிரல் ஒன்று தவறுதலாக உயிர் பெற்றதால் சுமார் 45 நிமிடத்தில் 440 மில்லியன் டாலர் இழந்தது. பட்டம் அறிவைத் தரும், அடக்கத்தைத் தரும் என்று எங்கும் எழுதவில்லை.

தொழில் மாறி வென்றவர்களும் இருக்கிறார்கள். ஜிம் சைமன்ஸ் கணிதப் பேராசிரியராக இருந்து, சுமார் 40 வயதில் சந்தைக்கு வந்தவர். அவர் 1982இல் தொடங்கிய ரினையசன்ஸ் டெக்னாலஜிஸ் உலகப் புகழ் பெற்றது. இதைக் கேட்டதும் "40 வயதிலும் முடியும்" என்று குதிக்கிறோம். அதற்கு முன் அவர் கணிதத்தில் செலவழித்த 20 வருடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவரும் தனியாக ஜெயிக்கவில்லை. ஒருவர் கணக்கை இன்னொருவர் சோதிக்கும் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டார்.

அதனால் நான் எடுத்த முடிவு இது. இன்னும் வேலையை விடவில்லை. பகுதி நேர முதுகலைக்கு விண்ணப்பிக்கிறேன். சான்றிதழுக்காக மட்டும் இல்லை, என் கணக்கைப் பார்த்து "தப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்ல நாலு பேர் வேண்டும் என்பதற்காக. இரவுப் படிப்பும் தொடரும், ஏனென்றால் எந்த வகுப்பும் நமக்காக உட்கார்ந்து படிக்காது. படித்து முடித்ததும் செம்பனை எண்ணெய் போல உண்மையான உற்பத்தியாளர்கள் பயத்தை இறக்கி வைக்க வரும் சந்தைகளில் வேலை தேடுவேன். சிறு முதலீட்டாளர்களின் அவசரத்தை மட்டும் நம்பி லாபம் பார்க்கும் வியூகத்தை எழுதச் சொன்னால் மறுப்பேன். சொந்தப் பணத்தில் சோதிப்பதென்றால், முழுவதும் போனாலும் வீட்டில் யாருடைய தட்டும் குறையாத தொகையில் மட்டும். சொந்தக்காரர்களிடமும் மன்றத்துத் தம்பி தங்கைகளிடமும் பணம் வாங்க மாட்டேன், டிப்ஸ் சொல்லவும் மாட்டேன்.

இதில் ஓர் ஓட்டை இருப்பதும் எனக்குத் தெரியும். சந்தையில் எதிரே இருப்பவர் முகம் தெரியாது. நான் விற்றதை வாங்கியவர் ஆலைக்காரரா, நகையை அடகு வைத்த ஒருவரா என்று திரை சொல்லாது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் இரண்டாமவரின் பணம் என் கைக்குக் கொஞ்சம் வரத்தான் செய்யும். அதை முழுக்கத் தவிர்க்க முடியாது, குறைக்க முடியும். எந்தச் சந்தை, எந்த வியூகம் என்று தேர்ந்தெடுப்பது நம் கையில்தான் இருக்கிறது. கிடைத்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குக் கணிதமும் பணத்தைக் கையாளும் அறிவும் சொல்லிக்கொடுப்பது அப்படித் திருப்பிக் கொடுப்பதில் ஒன்று. அடுத்த தலைமுறையில் 93 விழுக்காட்டுக் கூட்டத்தில் நம் பிள்ளைகள் குறைவாக இருக்க வேண்டும் அல்லவா?

இந்தத் துறைக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பைத்தான் படிப்பதற்கு முன்பு, ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். நான் பந்தயத்தில் வைப்பது யாருடைய பணம்? என் கணக்கைச் சோதிக்கப் போவது யார்? என்னிடம் தோற்பவருக்குப் பதிலாக என்ன கிடைக்கும்? மூன்றுக்கும் பதில் எழுத முடிந்தால் தைரியமாகப் போங்கள். எழுத முடியாவிட்டால் தாளை மடித்து வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாள் படியுங்கள். சந்தை எங்கேயும் ஓடிவிடாது.